தூண்டில் மெசின் வாங்கும் முன்



மூங்கில் கழியில் தங்கூசியைக் கட்டி, மண்புழுவைக் கோத்துத் தோட்டத்துக் கானில் கெளுத்தி பிடிப்பதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் கரையிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி மேய்கிற மீனுக்கு அந்தக் கழி எட்டாது. அங்கேதான் ரீல் தேவைப்படுகிறது. மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நம்மவர்களும் அதை மெசின் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆற்றிலும் குட்டையிலும், கடலோரத் தோட்டங்களுக்கு அருகிலுள்ள ஆற்று முகத்துவாரங்களிலும் சிறிய, நடுத்தர மீன்களைப் பிடிக்க, குறைந்த விலையில் எத்தகைய மெசின் வாங்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

இது ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணித் தாய்மார்கள் வானொலியை அடைத்துவிட வேண்டாம். இதில் வீட்டுப் பணம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. அப்படியானால் நூறு வெள்ளி மெசின் என்பது ஒன்றரை நாள் உழைப்பு. அது ஐந்தாறு ஆண்டு உழைத்தால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் பலமுறை மீன் வந்து சேரும். இரண்டே மாதத்தில் இறுகிப் போனால், அந்த ஒன்றரை நாளும் வெயிலில் வீணாக நின்றதாகத்தான் பொருள்.

முதலில் இந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். ஸ்பின்னிங் ரீல் எனப்படும் இந்த வகையில், தங்கூசி சுற்றியிருக்கும் கண்டு சுழல்வதில்லை. வீசும்போது தங்கூசி கண்டின் முனை வழியாக வளையம் வளையமாக வழுவிப் போகிறது. நூற்பாலைக் கண்டிலிருந்து நூல் வருவதும் இப்படித்தான். 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த் என்பவர் பிராட்போர்டு நகரத்து ஆலை முதலாளி என்பதைக் கேட்டால் உங்களுக்கு வியப்பு இருக்காது. கண்டைச் சுழற்றவேண்டிய பாரம் இல்லாததால், ஓர் இறாலையோ சிறிய ஈயக்குண்டையோகூட இதைக்கொண்டு தூரமாக எறியலாம். பழகாதவர் கைக்கும் இது எளிது.

இனி கடைக்குப் போவோம். பெட்டியின் மேல் 1000, 2000, 2500, 4000 என்று எண் போட்டிருக்கும். அது விலையுமல்ல, தரமுமல்ல. அளவைக் காட்டும் எண். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறுபடும் என்றாலும், 1000 என்பது சிறியது, 4000 என்பது பெரியது. குட்டையில் திலாப்பியாவும் லம்பாமும், முகத்துவாரத்தில் கெலாமாவும், ஒரு கிலோ இரண்டு கிலோ சியாக்காப்பும் பிடிக்க நினைக்கும் குடும்பத்துக்கு 2500 அளவு ஒன்றே போதும். சியாக்காப் என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் கொடுவாய் என்று சொல்வார்களே, அதே மீன்தான். பெரிய தோமான் மீனைக் குறிவைப்பவருக்கு இது போதாது. அவர் கணக்கே வேறு.

அடுத்து, பெட்டியில் பெரிய எழுத்தில் பேரிங் எண்ணிக்கை இருக்கும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுவே. எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தகப்பனார், பதின்மூன்று பேரிங் என்று போட்டிருந்ததைப் பார்த்து மகிழ்ந்து ஒரு மெசின் வாங்கினார். கேரித் தீவுப் பக்கம் லங்காட் ஆற்று முகத்துவாரத்துக்கு இரண்டு ஞாயிறு கொண்டுபோனார். மூன்றாவது ஞாயிறு கைப்பிடி, மாவு அரைக்கும் கல்லைப் போல் கரகரவென்று அரைத்தது. திறந்து பார்த்தபோது உள்ளே பேரிங்குகள் எல்லாம் துரு. மட்டமான எஃகில் செய்த பதின்மூன்று பேரிங் என்றால், துருப்பிடிக்கப் பதின்மூன்று இடம் என்றுதான் அர்த்தம். முக்கியமான பல்சக்கரங்களைத் தாங்க நல்ல பேரிங் மூன்று நான்கு இருந்தால் போதும். மற்ற இடங்களில் சாதாரண பிளாஸ்டிக் வளையமே இருந்தாலும் குறையில்லை; அது துருப்பிடிக்காது.

பெட்டியில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும், டிராக் எட்டுக் கிலோ, பத்துக் கிலோ என்று. டிராக் என்பது சைக்கிள் பிரேக்கைப் போன்ற ஒரு பிடி. மீன் வெட்டி இழுக்கும்போது தங்கூசி அறுந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதன் வேலை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலேசான மீன்பிடிப்புக்கு நாம் போடுவது எட்டுப் பவுண்டு தங்கூசி. எட்டுப் பவுண்டு என்பது ஏறக்குறைய 3.6 கிலோ. அதற்கு மேல் இழுத்தால் தங்கூசியே அறுந்துவிடும். அப்படியிருக்க, பத்துக் கிலோ டிராக் நமக்கு எதற்கு? டிராக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவு வழவழப்பாக விடுகிறது என்பதே முக்கியம். திருகு, கண்டின் முன்பக்கம் இருக்கும் வகையை வாங்குங்கள். அதற்குள் அகலமான வட்டுகளை வைக்க இடம் இருக்கிறது, அமைப்பும் எளிமையானது.

ஆகவே எண்களை விட்டுவிட்டுக் கையால் சோதியுங்கள். கடைக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் குறை தெரியாது. கடகடவென்று தட்டுகிறதா, ஓரிடத்தில் இறுகுகிறதா என்று விரல்களுக்கே தெரியும். கைப்பிடியைப் பின்பக்கமாக வெடுக்கென்று திருப்புங்கள். உடனே நிற்க வேண்டும், கால் சுற்று ஆடக்கூடாது. பிறகு வளைகம்பியைத் திறந்து மூடிப் பாருங்கள். அந்தக் கம்பியின் ஓரத்தில் தங்கூசி ஏறிப் போகும் சிறிய கப்பி ஒன்று இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதேயில்லை. என் கருத்தில் மெசினிலேயே முக்கியமான உறுப்பு அதுதான். ஒரு துண்டுத் தங்கூசியை அதன் மேல் போட்டு இலேசாக இழுத்தால் அது சுழல வேண்டும். சுழலாத கப்பி தங்கூசியைத் தேய்க்கும், முறுக்கும். நாளடைவில் தன் மேலேயே பள்ளம் விழ வைத்துக்கொள்ளும்.

உடல் பகுதி கிராஃபைட் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கலாம்; உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. கண்டு மட்டும் அலுமினியமாக இருப்பது நல்லது. பிளாஸ்டிக் கண்டு கல்லில் விழுந்தால் விளிம்பு சிராய்த்துவிடும். அந்தச் சிராய்ப்பில் தங்கூசி மாட்டினால் வீச்சும் குறையும், தங்கூசியும் அறும்.

விலையைக் கேட்பீர்கள். 80 வெள்ளியிலிருந்து 150 வெள்ளிவரை ஒதுக்குங்கள் என்பேன். அதற்குமேல் கொடுப்பது, நம் வகை மீன்பிடிப்புக்குப் பெரும்பாலும் மினுமினுப்புக்காகத்தான். உதிரிப்பாகம் கிடைக்கும் பெயருள்ள நிறுவனத்தின் அடிமட்ட மாதிரி, பெயரில்லாத நிறுவனத்தின் உச்ச மாதிரியைவிட மேல். ஷிமானோ என்னும் ஜப்பானிய நிறுவனத்துக்கு ஜொகூர் பொந்தியான் வட்டாரத்தில் தொழிற்சாலை இருக்கிறது. எனவே மலேசியத் தயாரிப்பு என்ற வரியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் பார்த்து வாங்குவது மலிவுதான்; ஆனால் நான் சொன்ன சோதனைகளைப் படத்தின் மேல் செய்ய முடியாது.

வாங்கிய பிறகு தங்கூசியைக் கண்டின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கும்வரை சுற்றுங்கள். குறைவாகச் சுற்றினால் வீச்சு குறையும். நிரம்ப வழியச் சுற்றினால் முதல் வீச்சிலேயே சிக்கல் விழும். டிராக்கை வைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒரு கிலோ எடை. தங்கூசியின் முனையை அதன் கழுத்தில் கட்டி, மெசினை உயர்த்திப் பிடியுங்கள். போத்தல் தரையை விட்டு எழும்பி, உடனே மெல்ல மெல்லக் கீழே இறங்கும் அளவுக்குத் திருகை வையுங்கள். எட்டுப் பவுண்டு தங்கூசிக்கு அதுவே சரியான அளவு, ஏறத்தாழ அதன் பலத்தில் கால் பங்கு. போத்தல் சீராக இறங்காமல் விட்டு விட்டுக் குதித்தால், டிராக் வட்டுகள் நன்றாக இல்லை. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

வீசி முடித்ததும் வளைகம்பியைக் கையாலேயே மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தங்கூசியில் முறுக்கு விழும், கம்பியின் சுருளும் அடிபடும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும். பிறகு மாற்றுவது கடினம்.

முகத்துவாரத்துக்குப் போய் வந்த அன்று மட்டும் மெசினைக் கழுவாமல் வைக்கவே கூடாது. இரவு எத்தனை மணியானாலும் சரி. டிராக் திருகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். வாளிக்குள் அமுக்கக் கூடாது. குழாயை வேகமாகத் திறந்து அடிக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் உப்பை உள்ளே தள்ளுகிறோம். துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் டிராக் திருகைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வட்டுகள் நசுங்கிப்போகும். கப்பிக்கும் வளைகம்பியின் மூட்டுக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ வேண்டாம். அவை நாளாக நாளாகப் பிசினாகிவிடும். வீட்டில் அம்மா தையல் மெசினுக்குப் போடும் எண்ணெயே இந்த மெசினுக்கும் ஏற்றது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் அம்மாவைக் கேட்டுக்கொண்டு.