செயற்கைக் கோள் நிற்குமா?

(திருவேற்காட்டில் ஆற்றிய உரை)



திருநள்ளாற்றுக் கோயிலுக்கு நேர்மேலே வருஞ் செயற்கைக் கோள்கள் மூன்று நொடி நின்று செல்கின்றன என்றும், அதுகண்டு அமெரிக்க நாசா திகைத்தது என்றும் ஒரு புனைசுருட்டுப் பல்லாண்டுகளாய் உலவுகின்றது. அதற்குச் சான்று யாதும் இல்லை.

ஞாலத்தை அணுக்கமாய்ச் சுற்றுங் கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் ஓடுகின்றது. அவ்விரைவே அதனை விழாது காப்பது. நின்றதாயின் வீழ்ந்தொழியும், மீண்டும் அவ்விரைவு பெறுதற்குரிய எரிபொருள் அதனிடம் இல்லை. நிற்பதுபோல் தோன்றுங் கோள்களோ, நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஞாலத்தோடு ஒத்துச் சுற்றுவன. அவை திருநள்ளாற்றின் மேல் வருவனவே அல்ல.

வழிபடுவோர் வழிபடுக! இறைப்பற்றுக்கு நாசாவின் பெயரால் பொய்ச்சான்று எதற்கு?

இப்பொய் பரவியது எங்ஙனம்? அறிவியல் ஆங்கிலத்துள் அடைபட்டுக் கிடக்கின்றது; பொய்யோ எளிய தமிழில் வீடுதேடி வருகின்றது!

தமிழில் அறிவியல் ஏறாது என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2008-இல் நிலவை அடைந்த சந்திரயான்-1-இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோதவாடிச் சிற்றூரிற் பிறந்து, பள்ளியில் தமிழ்வழிப் பயின்றவரே!

எனவே, பொய் புகுந்த வீடுதோறும் மெய்யையும் தமிழிலேயே கொண்டுசேர்ப்போம்.

வெல்க தமிழ்!