பனிக்கு அடியில் செம்மண்

பனிமலை வரைய வேண்டும் என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் பையிலிருந்து முதலில் எடுப்பது பெரிய வெள்ளை டியூப். டைட்டேனியம் ஒயிட். அரை மணி நேரத்தில் மலை முடிந்துவிட வேண்டும். பாப் ராஸ் டிவியில் அப்படித்தானே செய்தார் என்பார்கள்.

செய்தார்தான். ஈரம் காயாத கேன்வாஸில் கத்தியை அழுத்தாமல் இழுத்தால் வெள்ளை விட்டு விட்டு ஒட்டும். பாறைமேல் பனி கிடப்பது போலவே இருக்கும். அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது அலாஸ்கா மலைகளைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1983 முதல் 1994 வரை ஓடிய அந்த நிகழ்ச்சி, ஆயில் பெயின்ட் என்றாலே ஒதுங்கியவர்களையும் தூரிகை எடுக்க வைத்தது. அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனால் இன்று போகிற வீட்டிலெல்லாம் அதே மலை, அதே ஊசியிலை மரம், அதே ஏரி. எனக்கு அலுத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பனியை வெள்ளையால் வரைய முடியாது. மறுபடியும் சொல்கிறேன், பனியை வெள்ளையால் வரைய முடியாது. மேகமில்லாத நாளில் வெயில் படுகிற பனி லேசான மஞ்சள், விடியலில் இளஞ்சிவப்பு. நிழல் பக்கத்துக்கு வானம்தான் விளக்கு, அதனால் அங்கே நீலம். முதலிலேயே வெள்ளையைக் கொட்டிவிட்டால், பிறகு வெயிலைக் காட்ட எதை வைத்துக் காட்டுவீர்கள்?

இதைத் தெரிந்துகொள்ள ஓவியர் ஜொவானி செகன்டினியிடம் போக வேண்டும். 1858-இல் ஆர்கோவில் பிறந்து, கடைசி ஆண்டுகளை சுவிட்சர்லாந்தின் மலோயாவில் கழித்தவர். டைட்டேனியம் ஒயிட் கடைக்கு வந்ததே அவர் காலத்துக்குப் பின்னால்தான். அவர் கேன்வாஸில் முதலில் பூசியது என்ன தெரியுமா? செம்மண் நிறம். ஆமாம், பனிக்கு அடியில் செம்மண். அதன்மேல் மெல்லிய கோடு கோடாகத் தனி நிறங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் எதிர் நிறம். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேர்ந்து மினுங்குவது மூன்றாவது நிறம் அல்லவா? அதே வேலை. பாலெட்டில் குழைக்காததால் நிறம் மங்கவில்லை.

செயின்ட் மோரிட்ஸில் 1908-இல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தில் 'மரணம்' என்ற படத்தின் முன்னால் நின்றேன். மூன்று மீட்டருக்கும் மேல் அகலம். விடியற்காலை, பனி மூடிய வெளி, குதிரை பூட்டிய சறுக்குவண்டி, வீட்டிலிருந்து சடலத்தை எடுக்கக் காத்திருக்கும் பெண்கள். கோடுகளைப் பார்க்கிற ஆசையில் மூக்கு முட்டுகிற தூரம் போய்விட்டேன். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். கிட்டே பார்த்தால் நீலமும் ஆரஞ்சும் ஊதாவும். நாலடி பின்னால் வந்தால் கண் கூசுகிற பனி.

இவ்வளவு பெரிய கேன்வாஸ்களை அவர் மலைக்கே கொண்டுபோனார். வெட்டவெளியில் மரக் கூண்டு கட்டிப் பாதுகாத்தார். 'மரணம்' இடம்பெற்ற மூன்று படத் தொகுப்பின் நடுப்படத்துக்காக 2,700 மீட்டர் உயர ஷாஃப்பெர்க்கில் தங்கியிருந்தபோதுதான், 1899 செப்டம்பரில், வயிற்று உறை அழற்சியால் இறந்தார். வயது 41.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பர்ன்ட் சியன்னாவை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். பிறகு நிழலைப் போடுங்கள்: அல்ட்ராமரைன், அதில் துளி அலிசரின். வெயில் பக்கம் அதற்கப்புறம். அடுக்கு ஏற ஏற ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு வெடிக்கும். வெள்ளை டியூப் அதுவரை பையிலேயே இருக்கட்டும். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள். உங்கள் அரை மணி நேரத்தில் அந்தச் செம்மண் பூச்சுகூடக் காயாது.