மதுராத் தீவின் மாடுகளும் ஆணிக் கம்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மதுராத் தீவைப் பற்றியதாகும். நமது மதுரையல்ல, இது இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவை அடுத்த தீவு. வறண்ட மண், ஜனங்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். 2009-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சுரபாயா பட்டணத்திலிருந்து இத்தீவுக்குச் சுமார் 5.4 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் திறந்தார்கள். பாலம் வந்தால் பழைய வழக்கமெல்லாம் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் அங்கும் உண்டு.

அவ்வழக்கங்களில் பேர்போனது கராப்பான் சாப்பி என்னும் மாட்டுப் பந்தயம். இரு காளைகளை நுகத்தில் பூட்டி, பின்னால் ஏர்போல் இழுபடும் மரச்சட்டத்தில் ஒரு பையனை நிறுத்தி விரட்டுவது. நூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். சில விநாடிகளில் முடிந்துவிடும். இறுதிப் பந்தயம் ஜனாதிபதி கோப்பைக்காக.

சங்கதி என்னவென்றால், விரட்டுகிறவன் கையில் ஆணி அடித்த கம்பு! மாட்டின் பின்புறம் கிழிந்து ரத்தம் வடியும். அப்புண்ணில் மிளகாய்ச் சாந்து தடவுவதும் உண்டாம். ஏனென்றால், "முன்னோர் வழக்கம்" என்கிறார்கள். ஏர்மாடுகளை ஓட்டிப் பார்த்ததிலிருந்தே இப்பந்தயம் பிறந்தது என்று சொல்லுகிறவர்களும் அவர்களேதான். மறுநாள் அதே மாட்டை ஏரில் பூட்டவேண்டிய குடியானவன் அதன் தோலைக் கிழித்திருப்பானா? இன்று பந்தயக் காளை உழுவதில்லை. முட்டையும் மூலிகையும் ஊட்டி வளர்க்கப் பணமுள்ளவர்களுக்குத்தான் அது கட்டும். பெருமை அவர்களுக்கு, புண் மாட்டுக்கு!

அதே தீவில் சாப்பி சோனோ என்றொரு வழக்கமும் இருக்கிறது. ஜோடிப் பசுக்களைக் குளிப்பாட்டி, ஜரிகை அணிவித்து, சாரோனென் மேளத்துக்கு நடத்தி வருவார்கள். (சாரோனென் என்பது நமது நாயனம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல்.) இரண்டும் ஒரே நடையாக வந்து, எதிரே கிடக்கும் பலகைமேல் முன்னங்கால்களை ஒன்றாக வைத்து நிற்க வேண்டும். அதற்குத்தான் பரிசு. ஆணியுமில்லை, ரத்தமுமில்லை. இது மதுராக்காரன் வழக்கமல்லவா? இதனால் அவன் அடையாளம் குறைந்துபோயிற்றா?

மதுராக்காரன் முரடன் என்று ஜாவாவில் ஏளனமாகப் பேசுகிறவர்கள் நெடுநாளாக உண்டு. அந்த ஆணிக் கம்பையே தன் அடையாளமென்று அவன் தூக்கிப் பிடித்தால், ஏளனம் செய்கிறவனுக்கு வேறு சாட்சி எதற்கு?

அத்தீவின் மார்க்க அறிஞர்களில் பலர் இதைக் கண்டித்தார்கள். மாகாண சர்க்காரும் கூடாதென்றது. காளைக்காரர்களோ, கம்பில்லாவிட்டால் மாடு ஓடாது என்கிறார்கள். ஓடாமற் போகட்டுமே! எல்லா மாட்டையும் கம்பில்லாமல் விட்டால், அவற்றில் ஏதாவது ஒரு ஜோடி முந்தித்தானே வரவேண்டும்?