'திடீர்னு' யாரும் வர்றதில்ல

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். ஹெல்மெட்டுக்குள்ள இயர்போன் மாட்டிக்கிட்டு, வண்டி ஓட்டிக்கிட்டே இதைக் கேட்கிறீங்கன்னா, தயவுசெஞ்சு இப்பவே நிறுத்திடுங்க. வீட்டுக்குப் போய்க் கேளுங்க. எபிசோடு எங்கேயும் ஓடிப் போகாது. பஸ்லயோ மெட்ரோலயோ உட்கார்ந்திருக்கிறவங்க தாராளமா தொடரலாம்.

இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசப்போறோம். அந்த வார்த்தை, 'திடீர்னு'.

ரோட்டுல நடந்து போறவர் மேலயோ சைக்கிள்ல போறவர் மேலயோ ஒரு வண்டி மோதிடுச்சுன்னா, ஓட்டினவர் வாயிலிருந்து முதல்ல வர்ற வாக்கியம் என்ன? "நான் சரியாத்தாங்க வந்தேன், அவர்தான் திடீர்னு குறுக்க வந்துட்டார்." பெரும்பாலும் அவர் பொய் சொல்றதில்ல. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நடக்கிறவரோட வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர். அந்த வேகத்துல வர்ற ஒருத்தர் எப்படித் 'திடீர்னு' வர முடியும்? அந்தத் 'திடீர்' நம்ம வண்டியோட வேகத்துலயும், நாம பார்க்காம விட்ட இடத்துலயும்தான் இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் இயற்பியல்தான்.

மணிக்கு 30 கிலோமீட்டர்ல போனா, நம்ம வண்டி ஒரு விநாடிக்குச் சுமார் 8 மீட்டர் நகருது. 50-ல போனா சுமார் 14 மீட்டர். ஒரு குழந்தை ரோட்டுல இறங்குது. அதைக் கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதுவும் நாம முழுக் கவனத்தோட இருந்தா. அந்த ஒரு விநாடியும் வண்டி அதே வேகத்துலதான் போய்க்கிட்டிருக்கும்.

30-ல வந்தவர் அந்த 8 மீட்டர் போய் பிரேக் பிடிக்கிறார். காய்ஞ்ச ரோடு, நல்ல பிரேக்குன்னா இன்னொரு 5 மீட்டர்ல வண்டி நின்னுடும். மொத்தம் 13 மீட்டர். அதே இடத்துல, அதே குழந்தையை, அதே நேரத்துல பார்த்த இன்னொருத்தர் 50-ல வர்றார்னு வைங்க. அந்த 13-வது மீட்டர்ல அவர் கால் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்காது.

இதை நல்லா மனசுல வாங்கிக்கங்க. முதல் வண்டி நின்ன இடத்தை ரெண்டாவது வண்டி முழு வேகத்துல தாண்டுது. ரெண்டு பேருமே நல்ல டிரைவர்கள்தான், ரெண்டு பேருமே கவனமாத்தான் இருந்தாங்க. ஒருத்தருக்கு அது "நல்லவேளை"ன்னு பெருமூச்சு விட்டுட்டு மறந்து போற விஷயம். இன்னொருத்தருக்கு வாழ்நாள் முழுக்க மறக்க முடியாத விஷயம்.

மோதலோட அடியும் வேகத்தோட நேரா ஏறுறதில்ல, அதோட வர்க்கத்துல ஏறுது. கார் முன்பக்கம் இடிச்சு நடப்பவர் இறந்துபோற ஆபத்து, 50-லிருந்து 65 கிலோமீட்டருக்குப் போகும்போது நாலரை மடங்கு ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நமக்கு அந்த 15 கிலோமீட்டர் ஆக்ஸிலரேட்டர்ல ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான்.

சரி, வேகமா போய் எவ்வளவு மிச்சம் பண்றோம்? வீட்டுலேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் 2 கிலோமீட்டர்னு வைங்க. 30-ல போனா 4 நிமிஷம். 50-ல போனா ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் ஒன்றரை நிமிஷம். அதையும் முதல் சிக்னல்ல நின்னு செலவு பண்ணிடுவோம்.

2020-ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு, மக்களும் வண்டிகளும் அடிக்கடி கலக்கிற இடங்கள்ல 30-ஐ உச்ச வேகமா வைக்கணும்னு சொன்னதுக்குப் பின்னாடி இந்தக் கணக்குதான் இருக்கு. சென்னைக் குடியிருப்புத் தெருக்களுக்கும் 2023-ல போலீஸ் அறிவிச்ச உச்ச வேகம் அதே 30 தான்.

யார் சாகிறாங்க?

2022-ல இந்தியா முழுக்க சாலை விபத்துகள்ல 1,68,491 பேர் இறந்திருக்காங்கன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. அதுல நடந்து போனவங்க மட்டும் 32,000-க்கும் மேல. அதாவது, இறந்த அஞ்சு பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தர் எந்த வண்டியிலயும் இல்ல. நூத்துக்கு 44 பேர் டூ-வீலர்ல போனவங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுல மட்டும் 17,884 மரணங்கள். நாட்டுலயே ரெண்டாவது இடம்.

இதைக் கேட்கிற உங்கள்ல நிறைய பேர்கிட்ட டூ-வீலர்தான் இருக்கும். உங்க நிலைமை ரொம்ப விசித்திரமானது. அண்ணா சாலையில ஒரு பஸ் பக்கத்துல போகும்போது நீங்கதான் பலவீனமானவர். அதே வண்டியை உங்க தெருவுக்குள்ள திருப்பினதும், நடந்து போற தாத்தாவுக்கு நீங்கதான் அந்த பஸ். பஸ் டிரைவர்கிட்ட நாம எதிர்பார்க்கிற நிதானத்தை, அந்தத் தாத்தா நம்மகிட்ட எதிர்பார்க்கிறார்.

"அவங்க ஏங்க ரோட்டுல நடக்கிறாங்க, பிளாட்பாரம் இருக்குல்ல?"ன்னு ஒரு கேள்வி வரும். போய்ப் பாருங்க. பிளாட்பாரத்துல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், பைக் நிக்கும், பாதி இடத்துல பிளாட்பாரமே இருக்காது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பு தர்ற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு 2025-ல நீதிமன்றம் சொல்லுச்சு. அது நடைமுறைக்கு வர்ற வரைக்கும் மக்கள் ரோட்டுலதான் நடப்பாங்க. அவங்களுக்கு வேற வழி இல்ல.

'திடீர்' ஒளிஞ்சிருக்கிற இடங்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். 'திடீர்' எங்கெங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, அதை முன்கூட்டியே பிடிச்சிடலாம்.

முதல் இடம், நிக்கிற பஸ். ஸ்டாப்பிங்ல ஒரு பஸ் நிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் ரோட்டைக் கடக்கப் போறார்னு எடுத்துக்கங்க. இறங்கினவங்கள்ல பாதிப் பேருக்கு எதிர்ப்பக்கம்தான் வீடு. பஸ்ஸை ஒட்டி வேகமா தாண்டும்போது உங்களுக்கு அவரும் தெரிய மாட்டார், அவருக்கு நீங்களும் தெரிய மாட்டீங்க. காலைப் பிரேக் மேல வெச்சுக்கிட்டு, மெதுவா, கொஞ்சம் தள்ளித் தாண்டுங்க.

இதோட நெருங்கின சொந்தக்காரன், ஜீப்ரா கிராஸிங். சிக்னல் இல்லாத கிராஸிங்ல நடப்பவர் கடக்கும்போது வண்டிதான் நின்னு வழிவிடணும். இது உபகாரம் இல்ல, மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகள் 2017-லயே இருக்கு. அங்க ஒரு கார் நின்னிருந்தா, "ஏன் இந்தாளு நடுரோட்டுல நிக்கிறான்"னு ஹாரன் அடிச்சுக்கிட்டு ஓவர்டேக் பண்ணாதீங்க. அவர் யாருக்கோ வழி விட்டிருக்கார். அந்த 'யாரோ' இப்ப அந்தக் காரோட மறைவுலேர்ந்து உங்க முன்னாடி வரப் போறாங்க.

ரெண்டாவது, வயசானவங்க. நாலு லேன் ரோடு, நடுவுல மீடியன் இல்ல. அகலம் 14 மீட்டர்னு வைங்க. மூட்டுவலி இருக்கிற ஒரு பாட்டி விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தா, கடந்து முடிக்க 17 விநாடிக்கு மேல ஆகும். அந்த நேரத்துல 50-ல வர்ற வண்டி கிட்டத்தட்ட 240 மீட்டர் வந்திருக்கும். பாட்டி முதல் அடி வெச்சப்போ அந்த வண்டி ரெண்டு தெரு தள்ளி இருந்திருக்கு. அவங்க பார்த்துட்டுத்தான் இறங்கினாங்க. அப்ப ரோடு காலியாத்தான் இருந்துச்சு.

இந்த மாதிரி நடு ரோட்டுல நிக்கிறவங்களைப் பார்த்து ஹாரன் அடிக்காதீங்க. ஹாரன் சத்தத்துல சிலர் அப்படியே நின்னுடுவாங்க, சிலர் முன்னாடி ஓடுவாங்க, சிலர் பின்னாடி வருவாங்க. இந்த மூணுல எது நடக்கும்னு உங்களால சொல்ல முடியாது. வேகத்தைக் குறைச்சு, அவங்க கண்ணைப் பாருங்க. "நீங்க போங்கம்மா"ன்னு ஒரு தலையசைப்பு போதும்.

மூணாவது, சைக்கிள். அரசுப் பள்ளிகள்ல பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்குது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அவங்க கூட்டமாத்தான் வருவாங்க. சைக்கிள் நேர்கோட்டுல போகாது. குழி, மணல், மழைநீர் வடிகால் மூடி, எது வந்தாலும் அவங்க ஒரு அடி வலப்பக்கம் விலகியே ஆகணும். அந்த ஒரு அடியை முன்கூட்டியே அவங்களுக்குக் கொடுத்துடணும். தாண்டும்போது குறைஞ்சது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்க. அந்த இடம் இல்லையா, பின்னாடியே போங்க. இடம் கிடைக்கும்.

கார்ல இருக்கிறவங்களுக்குன்னு ஒண்ணு. ஓரமா நிறுத்தினதும் கதவை அப்படியே தள்ளித் திறக்கிறோம். பின்னாடி வர்ற சைக்கிள்காரருக்கும் டெலிவரி பையனுக்கும் அந்தக் கதவு ஒரு சுவர். நெதர்லாந்துல இதுக்கு ஒரு எளிய பழக்கம் உண்டு. கதவுக்குத் தூரமா இருக்கிற கையால திறக்கிறது. நம்ம ஊர்ல டிரைவர் இடது கையால திறக்கணும். அப்படித் திறந்தா உடம்பு தானா திரும்பும், கண்ணு தானா பின்னாடி பார்க்கும்.

நாலாவது, நேரம். விடிகாலை அஞ்சு மணிக்கு ரோடு காலியா இருக்குன்னு வண்டியை முறுக்குவோம். அந்த நேரத்துலதான் தூய்மைப் பணியாளர்கள் மீடியனை ஒட்டிக் குனிஞ்சு பெருக்கிக்கிட்டிருப்பாங்க. மார்கழி மாசம்னா, தெருவுல உட்கார்ந்து கோலம் போட்டுக்கிட்டிருப்பாங்க. அவங்க முதுகு நம்ம பக்கம் இருக்கும்.

இரவு இன்னும் மோசம். லோ பீம்ல கருப்புச் சட்டை போட்ட ஒருத்தர் 40 மீட்டர் பக்கத்துல வந்தாத்தான் தெரிவார்னு வைங்க. 80-ல போற வண்டி நிக்க, முன்னாடி சொன்ன அதே கணக்குப்படி சுமார் 57 மீட்டர் வேணும். அவரைப் பார்க்கும்போதே நேரம் முடிஞ்சு போச்சு. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆகஸ்ட் கடைசியில வேளாங்கண்ணிக்கும் ஆயிரக்கணக்கானவங்க நெடுஞ்சாலை ஓரமா ராத்திரியில நடக்கிறாங்க. அந்த நாட்கள்ல அந்தப் பாதையில போனா, வெளிச்சம் எட்டுற தூரத்துக்குள்ள நிக்க முடியிற வேகத்துல மட்டும் போங்க. எதிர்ல ஆள் வந்தா ஹை பீமை இறக்குங்க. கண்ணு கூசினா அவங்க எங்க கால் வைக்கிறோம்னே தெரியாம வைப்பாங்க.

அஞ்சாவது, நம்ம கையில இருக்கிறது. போன். 50-ல போகும்போது ரெண்டே விநாடி மெசேஜைப் பார்த்தா, கண்ணை மூடிக்கிட்டு 28 மீட்டர் ஓட்டினதுக்குச் சமம். அந்த 28 மீட்டர்ல எது நடந்தாலும் அது நமக்குத் 'திடீர்னு'தான் தெரியும்.

முடியுமா?

"இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா பாஸ்?"ன்னு கேட்பீங்க. ஃபின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கில 2024 ஜூலைக்கு அப்புறம் ஒரு முழு வருஷம் சாலை விபத்துல ஒருத்தர்கூட சாகலை. அங்க பாதிக்கு மேல தெருக்கள்ல வேக வரம்பு 30. நல்ல பிளாட்பாரம், கேமரா, பொதுப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்துதான் அது நடந்துச்சு. ரோட்டை மாத்துறது அரசோட வேலை, அதை நாம கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா நம்ம வலது கால் நம்மகிட்டதான் இருக்கு. அதுக்கு டெண்டர் விட வேண்டியதில்ல.

இன்னொண்ணு. யாராவது அடிபட்டுக் கிடந்தா, "போலீஸ், கோர்ட்னு அலைய வேண்டியிருக்கும்"னு விலகிப் போகாதீங்க. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், உதவி செய்றவங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுக்குது. உங்க பேரைச் சொல்லியே ஆகணும்னுகூட கட்டாயம் இல்ல. 108-ஐக் கூப்பிடுங்க. தமிழ்நாட்டுல 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்குது.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க வீட்டுத் தெருவுலேர்ந்து மெயின் ரோடு வரைக்கும், ஏழு நாளும் 30-ஐத் தாண்டாம ஓட்டிப் பாருங்க. முதல் நாள் பின்னாடி ரெண்டு பேர் ஹாரன் அடிப்பாங்க, அடிக்கட்டும். மூணாவது நாள்லேர்ந்து தெருவுல இதுவரைக்கும் பார்க்காத ஆட்கள் கண்ணுல பட ஆரம்பிப்பாங்க. பந்தை எடுக்க ஓடி வர்ற பையன், தள்ளுவண்டியைத் திருப்ப முடியாம நிக்கிற அக்கா, வாக்கிங் போற பக்கத்து வீட்டு அங்கிள். எல்லாரும் முன்னாடியும் அங்கதான் இருந்தாங்க.

ஏழு நாள் ஓட்டினதுல என்ன கவனிச்சீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம். பார்த்துப் போங்க.