நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

மனித உடலின் அமைப்பைப் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்று புனேயில் நடக்கும்போது, இந்த ஊரில் நடந்த ஒரு சிகிச்சையிலிருந்துதான் அது தொடங்க வேண்டும். சாசூன் மருத்துவமனை இங்கே 1867இல் வந்தது. பைராம்ஜி ஜீஜீபாய் மருத்துவக் கல்லூரி 1946இல். இந்தச் சிகிச்சை இரண்டுக்கும் முந்தியது.

காவஸ்ஜி, ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய மராட்டியக் குடியானவர். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த அவருக்கு, புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார்.

செய்த விதத்தை, லண்டனில் வெளியான 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' 1794 அக்டோபர் இதழில் விரிவாக அச்சிட்டது. முதலில் மெழுகுத் தகடு ஒன்றை எஞ்சிய மூக்கின் மேல் வைத்து மூக்கு வடிவாக்கினார்கள். அதைத் தட்டையாக்கி நெற்றியில் பதித்து, சுற்றிலும் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் இருந்த தோலை உரித்தெடுத்தார்கள், இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு காம்பை மட்டும் விட்டுவிட்டு. பழைய தழும்பைச் சீவிப் பச்சைப்புண்ணாக்கி, அதையொட்டி ஒரு கீறல் போட்டு, நெற்றித் தோலை அரைச்சுற்று முறுக்கிக் கீழே இறக்கி, அதன் ஓரத்தைக் கீறலுக்குள் செருகினார்கள். முறுக்காமல் மடித்திருந்தால் தோல் உள்ளே போய், புண் வெளியே நின்றிருக்கும். தையல் கிடையாது. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி ஒட்டினார்கள். நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள், துளை அடையாமலிருக்க மூக்கினுள் மெல்லிய துணி. மயக்க மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. காவஸ்ஜி அத்தனையையும் விழிப்போடு தாங்கினார்.

அந்தக் காம்பில்தான் உடற்கூறு முழுவதும் இருக்கிறது. உடலிலிருந்து பிரிந்த தோலுக்கு உணவும் உயிர்வளியும் கிடையாது; சில நாளில் கறுத்து அழுகிவிடும். கழுத்தின் உட்புறத் தமனியிலிருந்து கிளைக்கும் கண் தமனி கண்குழிக்குள் நுழைகிறது. அதன் நுனிக்கிளைகள் புருவத்தின் உள்முனை அருகே வெளிவந்து நெற்றியில் ஏறுகின்றன. செங்கல்காரர் விட்டுவைத்த காம்பு சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. தாய்க்கொடியோடு சேர்த்து இழுத்துவிட்ட கிளையைப் போல, வேறிடத்துக்குப் போன தோல் பழைய இரத்தத்திலேயே உயிர் வாழ்ந்தது.

அதற்குள் மூக்கடியின் புண்ணிலிருந்து நுண்ணிய நாளங்கள் முளைத்துப் புதுத் தோலுக்குள் நுழைகின்றன. அவை தனியே தாங்குமளவு பெருகிய பிறகே காம்பை வெட்டலாம். புனேயில் வெட்டியது ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள்.

நரம்பின் கதை இன்னும் வியப்பானது. தமனியோடு நெற்றி நரம்பும் அந்த வழியே ஏறுகிறது. காம்பு இருக்கும்வரை புது மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தால், நெற்றியில் உட்கார்ந்ததாகவே மூளை எடுத்துக்கொள்ளும். இடம் மாறிய செய்தி மூளைக்கு எட்டவில்லை.

சுசுருத சங்கிதை இதே வேலைக்குக் கன்னத்துத் தோலைச் சொல்கிறது. அளவு பார்க்க அங்கே இலை. நெற்றியே மேல். நிறமும் தடிமனும் மூக்கோடு பொருந்துகின்றன. தழும்பும் நாளடைவில் மங்கிவிடுகிறது.

பம்பாய் மாகாண மருத்துவர்கள் தாமஸ் க்ரூசோவும் ஜேம்ஸ் ஃபிண்ட்லேயும் இந்த அறுவையை நேரில் பார்த்தவர்கள். காவஸ்ஜியை ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் படமாக வரைந்தார். நோயாளி, பார்த்தவர்கள், வரைந்தவர் என எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. கத்தியைப் பிடித்தவருக்கு மட்டும் அந்த இதழில் சாதிதான் கிடைத்தது. மருத்துவ வரலாற்றில் இதுவும் ஓர் அநீதிதான்.

செய்தியைப் படித்த லண்டன் மருத்துவர் ஜோசஃப் கார்ப்யூ, சடலங்களில் பழகிப் பார்த்து, 1814இல் ஒரு படை அதிகாரிக்கு இதே முறையில் மூக்கு வைத்தார். 1816இல் நூலாகவும் எழுதினார். புற்றுநோயிலோ விபத்திலோ மூக்கைப் பெருமளவு இழந்தவர்களுக்கு இன்றும் நெற்றித் தோலைத்தான் இறக்குகிறார்கள். தமனி ஓடும் தடத்தை டாப்ளர் கருவியால் கேட்டு மையால் குறித்துக்கொள்கிறார்கள். காம்பை வெட்டுவது பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து.