ஆதரவற்றோர் என்பவர் யார்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் தெருவினர்க்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதித் தரும் நாம் அடிக்கடி காண்பது ஒற்றை வரி மறுப்பு: "மகன் உளன், ஆதரவற்றவர் அல்லர்." அம்மகனோ வெளியூரில் கூலி வேலை செய்து, தன் பிள்ளைகளுக்கே கஞ்சி வார்க்க வழியின்றித் தவிப்பவன். இம்மறுப்பு முறையானதுதானா?

1995 ஆகஸ்டு 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, ஆதரவற்றோர் யார் என்பதற்கு நடுவணரசு இலக்கணம் வகுத்தது. சொந்த வருவாயாலோ, குடும்பத்தாரின் பண உதவியாலோ, பிற வகையாலோ ஒழுங்கான பிழைப்பு வழி இல்லாதவர், அல்லது மிகச் சிறிதே உடையவர் என்பது அதன் சாரம். ஊன்றிப் படியுங்கள். மகன் இருக்கின்றானா என்று அது வினவவில்லை. பணம் வருகின்றதா, ஒழுங்காக வருகின்றதா என்றே வினவுகின்றது. பொங்கலுக்கு ஒரு புடவை பிழைப்பு வழியாகாது. ஆதலால் "மகன் இல்லை" என்று பொய் எழுத வேண்டா. அவன் செய்யும் வேலை யாது, எத்தனை பேரைக் காக்கின்றான், இறுதியாக என்று பணம் அனுப்பினான் என்னும் உண்மையையே எழுதுக.

2007இல் நடுவணரசின் இலக்கணம் மாறிற்று. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தினர்க்கே உதவி என்றாயிற்று. ஆயினும் நம் மாநிலத்தில் பழைய சொல் மறையவில்லை. ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை என்னும் பெயரே சான்று.

அக்கோட்டை அளந்த விதமோ விந்தை! 2002ஆம் ஆண்டு ஊரகக் கணக்கெடுப்பில் 13 வினாக்கள், ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைந்த மதிப்பெண் பெற்றோரே ஏழையர். வினாக்களுள் ஒன்று கல்வி. எழுத்தறியார் இல்லத்திற்கு 0; ஒருவர் பத்தாம் வகுப்புத் தேறியிருப்பின் 2; பட்டதாரியாயின் 3. பேத்தி விளக்கொளியில் படித்துத் தேறினாள். பாட்டி ஏழ்மையினின்று இரண்டு படி ஏறிவிட்டாளாம்! பேத்திக்கு வேலை கிடைத்ததா என்று அந்த வினா கேட்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சங்கத்தார்க்கு இது சிரிப்பதற்குரிய செய்தியன்று.

அரசமைப்பின் 41ஆம் பிரிவு முதுமையில் அரசுதவி பெறும் உரிமையைக் கூறுகின்றது. 37ஆம் பிரிவோ அதனை நேரே நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாதென்கின்றது. எனினும், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று, முதியோர் தொகையைத் திங்கள்தோறும் 7ஆம் நாளுக்குள் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாள் குறித்துத் தரப்படுவது பிச்சையன்று, கடன்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அத்தாளை ஞாயிறு மாலை சங்கத்திற்குக் கொணருங்கள். கூடி அமர்ந்து படிப்போம்.