மூக்கடைப்பு எல்லாம் ஒரே நோயா?

(கீழ்பென்னாத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணிலாச் செடியினின்று காய் பறிக்கும் காலத்திலும், நெற்களத்தில் பதர் தூற்றும் காலத்திலும் இவ்வட்டாரத்தில் தும்மல் கேளாத வீடு அரிது. மூக்கு ஒழுகினால் நீர்க்கோவை என்கிறோம். தலை கனத்தால் சைனஸ் என்கிறோம். பெயர் எதுவாயினும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்றாகவே இருக்கிறது. இவ்வழக்கம் பொருளையும் வீணாக்குகிறது, உடலையும் கெடுக்கிறது. ஆதலின் இங்கே கலந்து கிடக்கும் இரு நோய்களைப் பிரித்தறியும் முறையை இன்று கூற விரும்புகிறேன்.

முதலாவது, ஒவ்வாமை. தூசி, மகரந்தம், பூஞ்சைத் துகள் முதலியவை பலருக்குத் தீங்கு செய்வதில்லை. சிலருடைய உடலோ அவற்றைப் பகையெனக் கொண்டு எதிர்க்கிறது. அப்போது மூக்கு நமைக்கும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும். தண்ணீர் போல் மூக்கு ஒழுகும். கண் அரித்துச் சிவக்கும். காய்ச்சல் இராது. களத்தில் இறங்கியதும் தொடங்கும். விலகினால் பெரும்பாலும் தணியும். பிள்ளைகள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பதும் இதன் அறிகுறியே.

இரண்டாவது, நாட்பட்ட சைனஸ் அழற்சி. கன்னங்களிலும், நெற்றியிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்புறத்திலும் காற்று நிறைந்த எலும்பறைகள் உள்ளன. அவற்றில் ஊறும் நீர் சிறு துளைகள் வழியே மூக்கினுள் வடிகிறது. உட்சவ்வு வீங்கித் துளை அடைபட்டால் நீர் தேங்கிவிடுகிறது. மூக்கடைப்போ, கெட்டியான சளியோ இருந்து, அதனுடன் முகக் கனமோ மணம் தெரியாமையோ சேர்ந்து, 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் இந்நோயை ஐயுறலாம். இதில் நமைச்சல் முதன்மையாக இராது.

சளி மஞ்சளாயிற்று என்பது மட்டும் சான்றாகாது. சாதாரண ஜலதோஷத்திலும் அவ்வாறு ஆவதுண்டு. ஒருவருக்கே இரு நோய்களும் இருத்தலும் கூடும். ஆகவே முடிவாகக் கூற வேண்டியவர் மருத்துவரே. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தேவையாயின் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம்.

கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒவ்வாமையைத் தீர்க்காது. ஒவ்வாமை மாத்திரைகள் சில உறக்கம் தரும்; அவற்றை உண்டு டிராக்டர் ஓட்டலாகாது. அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னிலும் மிகும். உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் இரு நோய்களுக்கும் நன்று. ஆனால் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே பயன்படுத்த வேண்டும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் குறைவு, கடுந்தலைவலி, ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தமோ துர்நாற்றமோ தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நீரிழிவு உள்ளோர் மேலும் விழிப்பாயிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு கொரோனாவுக்குப் பின் பலரைத் தாக்கிய கரும்பூஞ்சை நோய் மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் தொடங்கியதை நாம் மறத்தற்கில்லை.

ஊராட்சிக்கும் இதில் பங்குண்டு. 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் செடியின் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுவது. அதனைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து, வேரோடு களைய வேண்டும். குப்பையைத் தெருவில் எரிப்பதையும் நிறுத்த வேண்டும். தூற்றும்போது காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் உழவர் கடமை.

பயிரில் தோன்றும் நோய் பூச்சியாலா, சத்துக் குறைவாலா என்று ஆராய்ந்த பின்னரே மருந்து தெளிக்கிறோம். அந்த ஆராய்ச்சியை நம் உடல்மீதும் செலுத்துவோமாக.